சென்னையின் தெற்கு

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் கால்பந்தாட்டம் நடந்த சேதியைக் கொடியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். துணி காயப்போடும் கொடியைச் சொல்கிறேன். மற்ற நாட்களில் வெள்ளையாகத் தொங்கும் வேட்டி, பனியன், தலையணை உறை எல்லாம் ஆட்டத்துக்கு மறுநாள் இளநீலமாகத் தொங்கும். "அந்த நீலச் சட்டையைத் தனியா ஊற வைங்கன்னா கேக்க மாட்டேங்கறீங்களே" என்று அந்த வீட்டம்மா பத்து வருஷத்துக்கு மேலாகச் சொல்லிப் பார்த்துவிட்டார். சாயம் ஏறாத வெள்ளைத் துணி இனி அந்த வீட்டில் இல்லை.

நீலச் சட்டைக்காரர்தான் நம்மாள். சென்னையின் எஃப்.சி. என்ற கால்பந்துக் கழகத்தின் தாம்பரத்து ரசிகர். ஒரே ஆள் என்று எண்ணிவிடாதீர்கள். குரோம்பேட்டையில் ஒருவர், சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒருவர், பெருங்களத்தூரில் இரண்டு பேர் என எனக்கே நாலைந்து பேரைத் தெரியும். அத்தனை பேரையும் ஒரே சட்டைக்குள் நுழைத்துத்தான் இதை எழுதுகிறேன். சட்டை கொள்ளும். துவைத்தால் சுருங்கும் என்று கணக்குப் பண்ணி வாங்கும்போதே இரண்டு அளவு கூட்டி வாங்கியது அது. சாயம்தான் போயிற்று, சுருங்கவில்லை.

நம்மாள் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் பந்தைக் காலால் தொட்டது ஒரே ஒரு முறை. அதுவும் தெருப் பையன்கள் அடித்த டென்னிஸ் பந்து. சாக்கடைக்குள் போகாமல் காலால் நிறுத்தினார். சென்னையில் கால்பந்து என்றால் அது வடக்கு. வியாசர்பாடியில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்த பிள்ளைகளின் விளையாட்டு. 2018-ல் கோப்பை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியின் நடுக்களத்தில் நின்ற தனபால் கணேஷ் அந்த வியாசர்பாடிக்காரர்தான். தெற்கே நாங்கள் கிரிக்கெட்டில் விழுந்து எழுந்தவர்கள். இதை எடுத்துச் சொன்னால் நம்மாள் சளைக்க மாட்டார். "வியாசர்பாடியும் தாம்பரமும் ஒண்ணு சார். ரெண்டு பேரையுமே சிட்டிக்காரன் ஊருக்கு வெளியேன்னுதான் நெனைக்கறான்."

தெருமுனை டீக்கடையில் அவர் படும் பாடு தனி. 2014-ல் ஐ.எஸ்.எல். கால்பந்து லீக் தொடங்கியபோது, இந்த அணிக்கு அபிஷேக் பச்சனும் தோனியும் உடைமையாளர்கள் என்று அவரே பெருமையாகச் சொல்லித் தொலைத்துவிட்டார். அன்று பிடித்தது.

"அப்ப தோனி ஆடுவாராண்ணே?"

"ஆட மாட்டார்பா. அவர் முதலாளி."

"முதல் ஆளா? அவர் எப்பவும் கடைசியிலதானே எறங்குவாரு?"

இந்த உரையாடல் அதற்குப் பிறகு வருஷம் தவறாமல் நடந்துவருகிறது. டீக்கடைக்காரர் நிஜமாகவே கேட்கிறாரா, சீண்டுகிறாரா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. நம்மாள் மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கோபித்துக்கொண்டு, டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போவார். காசு மறுநாள் கொடுப்பார்.

டீக்கடைச் சீண்டலைவிட ஆழமாகத் தைக்கிற கேள்வி வேறொன்று உண்டு. "தாம்பரம் சென்னையா?" என்பது. நம்மாளின் ஆதார் அட்டையில் முதலில் காஞ்சிபுரம் மாவட்டம் என்று இருந்தது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானதும் அதை மாற்றினார். 2021-ல் தாம்பரம் மாநகராட்சியே ஆயிற்று. பல்லாவரமும் பம்மலும் அனகாபுத்தூரும் அதற்குள் வந்தன. ஊருக்கே சந்தோஷம், அவருக்கு மட்டும் வருத்தம். "சென்னை மாநகராட்சியோட சேர்ப்பாங்கன்னு பார்த்தேன் சார். தனிக்குடித்தனம் வச்சுட்டாங்க." அவர் மனைவியோ இன்றைக்கும் தி.நகருக்குப் புடவை எடுக்கக் கிளம்பினால், "மெட்ராஸுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றுதான் சொல்கிறார். நம்மாள் அப்போதெல்லாம் காதில் விழாத மாதிரி டி.வி.யின் சத்தத்தைக் கூட்டுவார்.

ஆக, அரசாங்கம் தராததை ஒரு கால்பந்துக் கழகம் தந்தது. மார்பில் 'சென்னையின்' என்று எழுதிய சட்டை. இருப்பிடச் சான்றிதழ் மாதிரிதான் அதைப் போட்டுக்கொள்கிறார்.

அந்தப் பெயரிலும் வம்பு வந்தது. எதிர்வீட்டில் ஒரு தமிழாசிரியர் இருக்கிறார். சட்டையை உற்றுப் பார்த்துவிட்டு, "சென்னையின்... என்ன? சென்னையின் கழகமா, சென்னையின் கவலையா? பேர் அந்தரத்துல தொங்குதே" என்றார். நம்மாள் திணறினார். எனக்கும் பதில் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து ஆசிரியரே வந்து தீர்த்துவைத்தார். "இன் என்பது ஐந்தாம் வேற்றுமை உருபு. நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று நாலு பொருள் அதுக்கு. 'சென்னையின் நீங்கினான்' என்றால் சென்னையை விட்டுப் போனான் என்று அர்த்தம்."

நம்மாள் முகம் வாடிவிட்டது.

"இருங்க, முடிக்கலை. எல்லைப் பொருளும் இருக்கே. 'சென்னையின் தெற்கு தாம்பரம்.' இலக்கணம் சுத்தமா இருக்கு. அந்தச் சட்டையைப் போட இந்த ஊர்ல உங்களைவிடத் தகுதியான ஆள் கிடையாது."

அன்று ஆசிரியர் வீட்டுக்குக் கால் கிலோ மைசூர்பாகு போயிற்று.

ஆட்ட நாளில் சாயங்காலம் ஐந்து மணிக்கு நம்மாள் பீச் வண்டி ஏறுவார். ஜவகர்லால் நேரு மைதானம் பெரியமேட்டில் இருக்கிறது. பார்க் ஸ்டேஷனில் இறங்கி நடக்க வேண்டும். அந்த வட்டாரத்தில்தான், சென்ட்ரலை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்கில், பழைய மிருகக்காட்சிசாலை இருந்தது. 1985-ல் அதை வண்டலூருக்குக் கொண்டுவந்தார்கள். சிங்கமும் புலியும் அங்கிருந்து எங்கள் பக்கம் வந்துவிட்டன. கர்ஜிப்பதற்கு இங்கிருந்து நம்மாள் அங்கே போகிறார்.

தாம்பரத்திலிருந்து பார்க் பதினைந்தாவது ஸ்டேஷன். பதினோரு பேர் ஆட, நாலு பேர் மாற்று ஆட்டக்காரர்கள் என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். ஒருமுறை பரங்கிமலை தாண்டும்வரை எனக்கு விளக்கினார். சானடோரியம் கோல் கீப்பராம். பின்னால் நிற்கும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், ஆனால் இல்லாமல் முடியாது. கிண்டி நடுக்களம், எந்தக் கூட்டமானாலும் அதன் வழியாகத்தான் கைமாறும். மாம்பலம் முன்கள வீரர். எத்தனை பேர் வழிமறித்தாலும் இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழையும். மீனம்பாக்கம் வெளிநாட்டு வீரர். பழவந்தாங்கலை மட்டும் அவர் களத்தில் இறக்கியதே இல்லை. எனக்குப் பழவந்தாங்கலில் சொந்தக்காரர்கள் உண்டு, இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை.

மைதானத்தில் அவர் வேறு ஆள். வீட்டில் உப்பு குறைந்தால்கூட வாய் திறக்காதவர், அங்கே நடுவரின் பிறப்பு வளர்ப்பு பற்றி நாலு வரிசைக்குக் கேட்கிற மாதிரி பேசுவார். பி ஸ்டாண்டில் முரசடித்துப் பாடும் இளவட்டங்கள் அவரை 'அங்கிள்' என்பார்கள். அவருக்கு அது பிடிக்காது. கேரளா பிளாஸ்டர்ஸ் வரும் நாளில் மைதானத்தில் பாதி மஞ்சளாகிவிடும். சென்னையில் இவ்வளவு மலையாளிகளா என்று நான் வியந்தேன். அவருடைய துக்கம் வேறு. மஞ்சளைப் பார்த்ததும் எங்கள் தெருக்காரர் ஒருவர் சி.எஸ்.கே. என்று நினைத்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாராம்.

ஆட்டம் முடிந்து திரும்பும் வண்டியில் அவர் பேசும் தமிழைக் கவனிக்க வேண்டும். மற்ற ரசிகர்கள் ஜெயித்தால் 'நாம', தோற்றால் 'அவனுங்க' என்பார்கள். நம்மாள் தலைகீழ். ஜெயித்தால், "நாங்க ஜெயிச்சுட்டோம்." அதில் உங்களுக்கும் எனக்கும் பங்கில்லை, டிக்கெட் எடுத்தவர் அவர். தோற்றால், "நாம தோத்துட்டோம் சார்." அந்த 'நாம'வில் நான், நீங்கள், எதிர் சீட்டில் தூங்கும் பூக்கார அம்மா எல்லோரும் அடக்கம். தோல்வியில் ஒரு பங்கை நம் தலையில் கட்டிவிட்டுத்தான் குரோம்பேட்டை தாண்டுவார்.

அவருக்கும் இந்த அணிக்கும் உண்டான உறவு 2015 டிசம்பரில் கெட்டிப்பட்டது. அந்த மழையை எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1ஆம் தேதி பிடித்த மழை மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாறு வீட்டுக்குள் குடியேறியது. நம்மாள் குடும்பத்தோடு மொட்டை மாடியில். பாலில்லை, கரண்டில்லை. ரப்பர் படகில் வந்த பையன்கள், "பெருசு, என்ன வேணும்? தண்ணியா, பிஸ்கட்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். "செமி ஃபைனல் எங்கேன்னு தெரியுமா தம்பி?" என்று இவர் கேட்டிருக்கிறார். அவர் மனைவி இதை இன்னும் மன்னிக்கவில்லை. எந்தச் சண்டையிலும் கடைசி அம்பு அதுதான்.

கேள்வி என்னவோ நியாயமானது. அந்த வருஷம் அணி பாதி சீசனில் அட்டவணையின் அடியில் கிடந்து, பிறகு அடுத்தடுத்து ஜெயித்து அரையிறுதிக்கு வந்திருந்தது. பயிற்சியாளர் மார்கோ மட்டராட்சி. 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிதானிடம் நெஞ்சில் முட்டு வாங்கினாரே, அவரேதான். வெள்ளத்தால் சென்னையில் ஆட முடியாமல் கொல்கத்தாவுடனான 'சொந்த மண்' ஆட்டத்தைப் புனேவுக்கு மாற்றிவிட்டார்கள். நம்மாளுக்குத் தொண்டை அடைத்துப் போயிற்று. அவர் வீட்டை விட்டு மறைமலை நகரில் மச்சினி வீட்டில் இருந்தார். அவர் அணி வீட்டை விட்டுப் புனேவில் இருந்தது. 12ஆம் தேதி 3-0 என்று ஜெயித்தார்கள். மச்சினி வீட்டில் சத்தம் போட முடியாமல் தலையணையைக் கடித்துக்கொண்டு கொண்டாடினாராம்.

20ஆம் தேதி கோவாவில் இறுதி ஆட்டம். அதற்குள் தண்ணீர் வடிந்து, நாங்கள் எல்லோரும் வீட்டில் சேறு வாரிக்கொண்டிருந்தோம். அவர் டி.வி. வெள்ளத்தில் போய்விட்டது, என்னுடையது மாடியில் இருந்ததால் பிழைத்தது. கையில் துடைப்பத்தோடு வந்து வாசற்படியில் நின்றே பார்த்தார். கால் முழுக்கச் சேறு. 87-ஆவது நிமிடத்தில் கோவா 2-1. "சரி, போய் மிச்சத்தைக் கழுவறேன்" என்று திரும்பினார். படியிறங்கவில்லை, கோவாவின் கோல்கீப்பர் கட்டிமனி தன் வலைக்குள்ளேயே பந்தை விட்டுக்கொண்டார். சமன். இரண்டே நிமிடத்தில் மெண்டோசா இன்னொன்று அடித்தார். 3-2. கோப்பை. துடைப்பம் என் மின்விசிறியில் பட்டுத் திரும்பியது. சுவரில் தெறித்த சேற்றுக்கு மேல் நான் இரண்டு தடவை வெள்ளையடித்துவிட்டேன். மழைக்காலத்தில் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. அந்த மாசத்தில் எங்கள் தெருவுக்கு வந்த ஒரே நல்ல சேதி அது என்பதால் நான் எதுவும் கேட்கவில்லை.

2018-ல் பெங்களூருவை அவர்கள் ஊரிலேயே மறுபடி 3-2 என்று வென்றது, 2020 மார்ச்சில் கொரோனா பயத்தில் ஆளில்லாத மைதானத்தில் கொல்கத்தாவிடம் இறுதியில் தோற்றது எல்லாம் அவர் சொல்லக் கேட்டதுதான். அந்த ஆளில்லாத ஆட்டத்தைப் பற்றி அவருக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு: "நான் இருந்திருந்தா விட்டிருப்பேனா?" நடுவில் இன்னொரு குழப்பம். சென்னை சிட்டி எஃப்.சி. என்ற வேறொரு அணி 2018-19-ல் ஐ-லீக் கோப்பையை வென்றது. ஊர்ப்பேர் சென்னை, ஆடியது கோயம்புத்தூரில். தாம்பரத்தைச் சென்னை இல்லை என்கிறவர்கள் கோயம்புத்தூரை ஒத்துக்கொள்கிறார்களே என்று ஒரு வாரம் பொருமினார்.

அவரை வீழ்த்தியவன் அவர் மகன். மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் வேலை, ராத்திரி விழித்திருந்து மான்செஸ்டர் யுனைடெட் பார்க்கிற ஜாதி. ஒருநாள் அப்பா கேட்டார்: "உனக்கும் மான்செஸ்டருக்கும் என்னடா சம்பந்தம்? அந்த ஊர்ப் பக்கம் போயிருக்கியா?"

"அப்பா, அதை 1878-ல ஆரம்பிச்சதே ரயில்வேகாரங்கதான். நியூட்டன் ஹீத்ல கேரேஜ் அண்ட் வேகன் பணிமனைத் தொழிலாளிங்க. 1902-லதான் மான்செஸ்டர் யுனைடெட்னு பேர் வெச்சாங்க."

நம்மாள் முப்பத்தைந்து வருஷம் இருந்தது கேரேஜ் அண்ட் வேகன் பிரிவு. சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "எந்த ரயில்வே?" என்று மட்டும் கேட்டார். லங்காஷயர் அண்ட் யார்க்ஷயர் என்றான் மகன். அதற்கப்புறம் சனிக்கிழமை ராத்திரிகளில் அந்த வீட்டுக் கூடத்தில் இரண்டு தலை தெரிகிறது. சிவப்புச் சட்டை மட்டும் வாங்க மாட்டேன் என்கிறார். அவர் மனைவியும் அதை ஆதரிக்கிறார். நீலத்தோடு சிவப்பும் சேர்ந்து ஊறினால் என்ன நிறம் வரும் என்று அவருக்குத்தான் தெரியும்.

2025-ல் இந்தியக் கால்பந்துச் சங்கத்துக்கும் ஐ.எஸ்.எல். லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்த இழுபறியில் சீசன் உரிய காலத்தில் தொடங்கவேயில்லை. அந்த ஐப்பசி கார்த்திகையில் கொடியில் துணி வெள்ளை வெளேரென்று காய்ந்தது. வீட்டம்மா புது வேட்டி எடுத்துக் கொடுத்திருந்தார். நம்மாள் ஐந்து மணிக்கு ஸ்டேஷன்வரை நடந்து போய், பீச் வண்டி புறப்படுவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்.

நீங்கள் தாம்பரத்தில் ஏறுகிறவரானால், ஆட்டமுள்ள நாளில் எதிர் சீட்டில் சாயம் போன நீலச் சட்டையோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கலாம். பேச்சுக் கொடுங்கள். ஸ்டேஷன் கணக்கைக் கேளுங்கள். தோனி ஆடுவாரா என்று மட்டும் கேட்காதீர்கள்.