பந்தி ஒலியியல்: ஒரு முன்னாய்வு

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் எழுப்பும் ஓசைகளை வகைப்படுத்துவதும், அவற்றால் இந்த இலைக்காரருக்கு மூளும் எரிச்சலை அளப்பதும் இவ்வாய்வின் நோக்கம்.

தமிழில் ஒலியாராய்ச்சிக்குப் பஞ்சமில்லை. தொல்காப்பியர் பிறப்பியல் என்று தனி இயலே வைத்து, உந்தியில் எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணத்தோடு கூடி எழுத்தாவதை விளக்கியிருக்கிறார். ஆனால் அவர் சொன்னதெல்லாம் வெளியே போகும் காற்று. உள்ளங்கைப் பாயசத்தை உறிஞ்சும்போது உள்ளே போகும் காற்றுக்கு நூற்பா இல்லை. உரையாசிரியர்களும் இந்த இடத்தை ஓசைப்படாமல் கடந்துவிட்டார்கள். அவர்களும் நாலு பந்தியில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தானே, எதற்கு வம்பு என்று விட்டிருக்கலாம். (ஏப்பம் வெளிக்காற்று என்பதால் இலக்கணத்துக்கு உட்பட்டது. அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.)

பாயச ஓசை மூன்று கட்டங்களால் ஆனது. முதலில் இலையை விரல் வழிக்கும் கிரீச். அடுத்து உறிஞ்சல், ‘ஸ்ர்ர்’. முடிவில் நாக்கு அண்ணத்தில் தட்டும் ‘ட்ச்’. ரசத்தில் முதல் கட்டத்துக்கு நேரமில்லை. இலைச் சரிவில் ஓடுவதைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருப்பதால் நேராக உறிஞ்சலுக்கே போய்விடுகிறார்கள்.

உறிஞ்சுவோர் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. தேயிலை தரம் பார்ப்பவர்கள் கரண்டித் தேநீரைச் சத்தம் போட்டுத்தான் உறிஞ்சுகிறார்கள். காற்றோடு கலந்து துளியாகச் சிதறினால்தான் மணம் தொண்டை வழியே மூக்குக்கு ஏறும். அது அவர்களுக்குப் பிழைப்பு. நம் பெரியப்பாக்களை யாரும் ரசத்துக்குத் தரம் பார்க்க அமர்த்தவில்லை.

அப்பளத் துறையில் மேலைநாட்டார் முந்திக்கொண்டார்கள். சாம்பினி, ஸ்பென்ஸ் என்ற இருவர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், உருளைக்கிழங்குச் சிப்ஸைக் கடிக்கும் ஓசையைக் கூட்டிக் காதில் ஒலிக்கவிட்டால் தின்பவருக்கு அது இன்னும் மொறுமொறுப்பாகப் படுகிறது என்று காட்டினார்கள். சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2008இல் இதற்குக் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படிப் படுகிறது என்பது அவர்கள் ஆய்வு எல்லைக்குள் வரவில்லை. பந்தியில் சாப்பிட்டிருந்தால் வந்திருக்கும்.

இனி இடவியல். இலை நுனி இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பது மரபு. எனவே நம் நுனியும், இடப்பக்கத்தாரின் சோற்றுக்கையும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. உப்பும் ஊறுகாயும் இருப்பது அந்த எல்லையில்தான். அவர் ரச சாதத்தைப் பிசைந்து கையை உதறினால் சேதம் நமக்கு. வலப்பக்கத்தாருக்கு அதே சேதத்தை நாம் விளைவிப்பதாக ஒரு வாதம் உண்டு. அது இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

இவ்வாய்வின் மையக் கருதுகோள் இது: உறவு நெருங்க நெருங்க ஓசை பெருகும். பேருந்து நிலைய ஓட்டலில் எதிரே உட்கார்ந்த முகம் தெரியாதவர் சால்னாவை எப்படி உறிஞ்சினாலும் நாம் பரோட்டாவில்தான் கண்ணாக இருக்கிறோம். அதே ஓசையைச் சகலை எழுப்பினால், அவர் வாங்கிப் போய்த் திருப்பித் தராத ஏணி நினைவுக்கு வருகிறது. தூரம் இரட்டித்தால் ஒலிச்செறிவு நான்கில் ஒன்றாகும் என்கிறது இயற்பியல். சகலை நாலு இலை தள்ளி உட்கார்ந்தும் குறைந்தபாடில்லை. உண்ணும் ஓசை போன்றவற்றைத் தாங்க முடியாத நிலைக்கு 2001இல் மிசோபோனியா என்று பெயரிட்டார்கள். அதில் அவதிப்படும் பலரும், அயலாரைவிட வீட்டாரின் ஓசையே வதைக்கிறது என்கிறார்கள். ஏணி பற்றி அவர்களிடம் யாரும் விசாரிக்காதது ஆய்வு உலகின் குறை.

ஓசையில்லாத எரிச்சல்களும் உண்டு. அடுத்த பந்திக்கு இடம்பிடிக்க நம் நாற்காலி முதுகைப் பற்றிக்கொண்டு, நாம் மோருக்கு வந்துவிட்டோமா என்று தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பவர் அவற்றில் தலையாயவர். ஆனால் அவர் இன்னும் சாப்பிடத் தொடங்கவில்லை என்பதால் இங்கே இடமில்லை. நாற்காலியும் இல்லை.

கருதுகோளைச் சோதிக்க மெல்லிசைக் கச்சேரியுள்ள வரவேற்புகளே உகந்த களம். அங்கே ஒலிபெருக்கி முழக்கத்தில், பரிமாறுபவர் வாளியோடு காதருகே குனிந்து “சாம்பாரா, வத்தக்குழம்பா?” என்று கத்தினாலும் கேட்பதில்லை. சகலையின் ரசம் கேட்கிறது.