மேடைக்கால் அண்டையியல்: ஒரு முன்னாய்வு

மேடைக்கு மேலே நடப்பவற்றைப் பற்றித் தமிழில் எழுதித் தீர்த்துவிட்டார்கள். மேடைப்பேச்சு, மேடை நாடகம், மேடை நாகரிகம், மேடை ஏறியதும் வரும் நடுக்கத்தைப் போக்கும் வழி என்று எதுவும் மிச்சமில்லை. மேடை எதன்மேல் நிற்கிறது என்று மட்டும் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. தொங்கும் ஜமக்காளத்தின் நுனியைத் தூக்கிக் குனிந்து பார்த்தால் விடை கிடைக்கும். சவுக்குக் கால், அதன்கீழ் ஒரு முழுச் செங்கல், அதன்கீழ் ஒரு பாதிச் செங்கல், அதற்கும் கீழே ஓர் ஓட்டாஞ்சில்லு. மேலே ஒருவர் தமிழ்ச் சமுதாயத்தைத் தட்டியெழுப்பிக்கொண்டிருக்கிறார். அவரைக் கீழே விழாமல் காப்பது அந்த ஓட்டாஞ்சில்லு.

இந்தச் சில்லைச் செருகும் கலையை ‘அண்டையியல்’ என்ற தனித்துறையாக நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வின் எல்லை, தெருவை அடைத்துப் போடப்படும் தற்காலிக மேடைகள்: கோயில் கொடை, பட்டிமன்றம், காதுகுத்து, கட்சிப் பொதுக்கூட்டம். கல்யாண மண்டபங்களின் நிலையான மேடைகள் சேர்க்கப்படவில்லை. அங்கே கோணல்கள் சிமெண்டால் மூடப்பட்டு, டைல்ஸும் ஒட்டப்பட்டுவிட்டன. ஆய்வாளர் நுழைய வழியில்லை.

முதலில் பகை யார் என்று தெரிய வேண்டும். தெரு மட்டமாக இல்லாததற்கு மாநகராட்சியையோ ஒப்பந்தக்காரரையோ திட்டுவது வழக்கம். உண்மையில் ஒழுங்காகப் போடப்பட்ட தெருதான் மட்டமாக இருக்கக் கூடாது. மழைநீர் இருபுறமும் வழிந்தோட வேண்டும் என்பதற்காகத் தார்ச்சாலையின் நடுவை உயர்த்தி, ஓரங்களைச் சரித்துப் போடுகிறார்கள். ஐம்பதுக்கு ஒன்று என்ற வாட்டம் சாதாரணம். இருபது அடி அகலத் தெருவில் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பத்தடி, அதாவது 120 அங்குலம். ஐம்பதால் வகுத்தால் 2.4 அங்குலம். ஒரு செங்கல்லைப் படுக்கவைத்தால் வரும் உயரம் ஏறத்தாழ இதுவே. சாலைப் பொறியாளர் தம் கடமையைச் செவ்வனே செய்த தெருவில் பந்தல்காரருக்கு வரிசைக்கு ஒரு செங்கல் செலவு. கடமை தவறிய தெருவில் செலவு கூடலாம், குறையலாம். சில இடங்களில் இரண்டு தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மேடை தானாகவே சமமாக அமைந்துவிடுவதும் உண்டு.

இனி கோட்பாடு. மூன்று புள்ளிகள் ஒரு தளத்தைத் தீர்மானிக்கும். ஆகவே மூன்று கால் உள்ள எதுவும் ஆடாது. நம் பாட்டிகள் இதை அறிந்துதான் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார்கள். நில அளவைக்காரரின் கருவி முக்காலியில் நிற்பதும் இதனால்தான். நான்காவது கால் வந்த அன்றே ஆட்டமும் வந்தது. அதையும் அடக்கக் கணிதத்தில் வழி இருக்கிறது. சம நீளமுள்ள நான்கு கால்கள் கொண்ட சதுர மேசையைத் தூக்கி அடியில் எதையும் செருகத் தேவையில்லை. நின்ற இடத்திலேயே 90 பாகைக்குள் திருப்பிக்கொண்டே போனால் எங்காவது ஓரிடத்தில் நான்கு கால்களும் தரையில் பதிந்துவிடும். ஐரோப்பிய அணு ஆய்வு நிலையமான செர்னைச் சேர்ந்த ஆந்த்ரே மார்த்தன் என்ற இயற்பியலாளர் 2005இல் இதை முறையாக நிறுவினார். தரையின் சரிவு எந்த இடத்திலும் 35 பாகையைத் தாண்டாத வரை இது செல்லும்.

இந்தத் தேற்றத்தை நம் தெருவுக்குப் பொருத்துவதில் சில இடர்ப்பாடுகள் உள்ளன. இருபதுக்கு முப்பது அடி மேடையைத் திருப்பினால் அது எதிர்வீட்டுத் திண்ணைக்குள் நுழையும். தரை இடைவெட்டின்றித் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பது தேற்றத்தின் நிபந்தனை. நம் தெருவிலோ நடுவில் பாதாளச் சாக்கடை மூடி இருக்கும், சில வேளை மூடி மட்டும் இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, தேற்றம் ஆடாமையைத்தான் தருகிறது, மட்டத்தைத் தருவதில்லை. ஆடாமல் சாய்ந்து நிற்கும் மேடையில் தலைவரின் நாற்காலி மெல்ல நகர்வதைக் கணிதம் தடுக்காது.

அந்த இருபதுக்கு முப்பது அடி மேடையில் ஐந்தடிக்கு ஒரு கால் என்று வைத்தால் ஐந்தும் ஏழும் பெருக்கி 35 கால்கள். அண்டையியலின் மிக நுட்பமான பகுதி இதுதான். மூன்றுக்கு மேற்பட்ட தாங்கிகள் வந்துவிட்டால் எது எவ்வளவு சுமக்கிறது என்பதை எடைக் கணக்கால் மட்டும் சொல்ல முடியாது. தரை எவ்வளவு அமுங்கும், பலகை எவ்வளவு வளையும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கால் நூல் (எட்டு நூல் ஓர் அங்குலம்) குட்டையான கால் தரையைத் தொடாமல் தொங்கும். பார்வைக்கு வரிசையில் நிற்கும், சுமப்பது பக்கத்துக் கால். அலுவலகங்களில் பணியாற்றியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. தொங்கு காலைக் கண்டுபிடிக்க ஒரே வழி, மேலே ஒருவரை நடக்கவிட்டுக் கீழே காதைக் கொடுப்பது. பலகை வளைந்து கால் தரையில் இடிக்கும்போது ‘டொக்’ என்று கேட்கும். அந்த ‘டொக்’குக்கு உரிய சில்லைச் செருகிவிட்டால், நான்கடி தள்ளி வேறொரு ‘டொக்’ பிறக்கும்.

மட்டம் செய்வதில் தொன்றுதொட்டு இரண்டு நெறிகள் உண்டு. தாழ்ந்த பக்கத்தை உயர்த்துவது ஏற்றல் நெறி. உயர்ந்த பக்கத்தைத் தோண்டி இறக்குவது அகழ்வு நெறி. நம் பந்தல்காரர்கள் ஏறத்தாழ அனைவரும் ஏற்றல் நெறியினர். தார்ச்சாலையைத் தோண்டினால் வழக்கு வரும் என்பது ஒரு காரணம். அகழ்வு நெறியின் மாபெரும் வெற்றி இத்தாலியில் நிகழ்ந்தது. பைசா கோபுரத்தின் கட்டுமானம் 1173இல் தொடங்கியது. மூன்றாம் மாடி எழும்போதே சாய்ந்துவிட்டது. அன்றைய கொத்தனார்கள் ஏற்றல் நெறியைப் பின்பற்றினார்கள், ஆனால் தவறான முனையில். அடியை விட்டுவிட்டு, மேல்மாடிகளைச் சாய்ந்த பக்கத்தில் சற்று உயரமாகக் கட்டினார்கள். விளைவு, கோபுரம் சாய்ந்ததோடு வளைந்தும் போனது. 1990இல் பார்வையாளர்களுக்கு மூடி, பிறகு உயர்ந்து நின்ற வடபுறத்தின் அடியிலிருந்து மண்ணைச் சிறிது சிறிதாக உருவினார்கள். உச்சி ஏறத்தாழ 45 செ.மீ. நிமிர்ந்தது. 2001இல் திறந்தார்கள். முழுவதும் நிமிர்த்தாமல் விட்டதுதான் அவர்களுடைய மேதைமை என்பேன். நேராக நிற்கும் கோபுரத்தைப் பார்க்க யார் பயணச்சீட்டு வாங்குவார்?

செருகுபொருள்களுக்கு வருவோம். செங்கல் முதலிடம் பெறுவது அதன் பண்பால் அல்ல, அது கிடைப்பதால். எந்தத் தெருவிலும் ஒரு வீடு கட்டுமானத்தில் இருக்கும், வாசலில் செங்கல் அடுக்கியிருக்கும். உடைத்தால் முழு, முக்கால், அரை, கால் என எல்லா அளவிலும் வரும். ஆனால் நனைந்தால் ஓரம் உதிரும், ஒற்றைப் புள்ளியில் சுமை விழுந்தால் பிளக்கும். கருங்கல் சில்லு எதற்கும் அசையாது. சிக்கல் என்னவென்றால் அதன் எந்த இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்காது. பிளைவுட் துண்டு இவற்றினும் மேல், சீரான கனம், சறுக்காது. மர ஆப்பு இவை எல்லாவற்றுக்கும் அரசன். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் அரை நூல் ஏறும், பின்பக்கம் தட்டினால் இறங்கும். ஒன்றுக்கு எதிராக ஒன்றாக இரண்டு ஆப்புகளைச் செருகினால் மேல்முகமும் கீழ்முகமும் இணையாகவே இருந்து உயரம் மட்டும் மாறும். இத்தனை சிறப்பிருந்தும் ஆப்பு சீவிக்கொண்டு வருகிறவர் அருகிவிட்டார். கடைசியில் மடித்த அட்டை. இது காலை பத்து மணிக்கு ஒரு நூல், மாலை ஆறு மணிக்கு அரை நூல், மழை பெய்தால் கூழ்.

அடுக்கின் உயரம் அதன் அடியகலத்தைத் தாண்டக் கூடாது என்பது இக்கட்டுரையாளரின் கட்சி. மூன்று செங்கல்லை நிறுத்திவைத்து அதன்மேல் கால் வைப்பவர்களோடு இத்துறைக்கு எந்த உறவும் இல்லை.

அளவுக் கருவிகளில் தெருவுக்கு உகந்தது டியூப் மட்டம். ஒளி புகும் ஹோஸில் தண்ணீர் நிரப்பி இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்தால், தெருமுனை எவ்வளவு தூரமானாலும் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். உரையாடல் இப்படிப் போகும்:

“நின்னுச்சா தம்பி?”

“இன்னும் ஆடுதுண்ணே.”

“கட்டை விரலை எடுடா. விரலை வச்சு அமுக்கிக்கிட்டு ஆடுதுங்கிறே.”

ஹோஸுக்குள் காற்றுக் குமிழி சிக்கியிருந்தாலும் மட்டம் பொய் சொல்லும். ரசமட்டத்தில் நிலைமை நேர்மாறு, அங்கே குமிழிதான் சாட்சி. 1661 வாக்கில் தெவ்னோ என்ற பிரெஞ்சுக்காரர் உருவாக்கிய கருவி இது. கண்ணாடிக் குழாய் மேல்நோக்கிச் சற்றே வளைந்திருக்கும், குமிழி எப்போதும் உச்சியைத் தேடிப் போகும். அதை வைத்த இடத்திலேயே முனை மாற்றித் திருப்பி வைத்துப் பார்க்க வேண்டும். குமிழி வேறிடத்தில் நின்றால் கோணல் கருவியில்தான். ஓரடி ரசமட்டத்தை வைத்து முப்பதடி மேடையை அளப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அடிக்கு அரை நூல் பிசகினால் முப்பதடியில் 15 நூல், அதாவது இரண்டு அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு.

மரபுக் கருவிகளும் உண்டு. எலுமிச்சம்பழம் உருளும் திசையைக் காட்டும், அளவைக் காட்டாது. ஐந்துமுகக் குத்துவிளக்கு இன்னும் துல்லியம். எந்த முகத்தில் எண்ணெய் முதலில் வழிகிறதோ அந்தப் பக்கம் தாழ்வு. ஆனால் தீர்ப்பு வரும்போது விழா தொடங்கிவிட்டிருக்கும், ஜமக்காளமும் கறைபட்டிருக்கும்.

ஆனால் எல்லாக் கருவிகளையும் மீறிய ஒன்று இருக்கிறது. அது தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவரின் கண். டியூப் மட்டமும் ரசமட்டமும் ஒத்துப்போன பிறகு அவர் ஒற்றைக் கண்ணை மூடி, “வடக்கால ஒரு நூல் இறக்கமா இருக்கே” என்பார். பந்தல்காரர் மறுக்கமாட்டார். “ஆமாங்க பெரியப்பா” என்று கீழே குனிந்து, எந்தக் காலையும் தொடாமல், சுத்தியலால் தரையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு எழுவார். “இப்பப் பாருங்க.” பெரியவர் மறுபடி கண்ணை மூடுவார். “இப்பச் சரி.” மேடை மட்டமாவது இந்தக் கணத்தில்தான். நீரும் குமிழியும் சொல்வது முன்மொழிவு; பெரியவர் சொல்வது நிறைவேற்றம். எங்கும் மேடைகள் மட்டம் செய்யப்படுவது ஈர்ப்பு விசைக்காக அல்ல, ஊரின் சம்மதத்துக்காக என்பதே இவ்வாய்வின் முடிந்த கருத்து.

ஆனால் ஈர்ப்பு விசை சம்மதம் கேட்பதில்லை. காலியான மேடையில் பார்த்த மட்டம் ஆள் ஏறியதும் மாறும். பொன்னாடை போர்த்தும் நேரத்தில் மேடையிலுள்ள அனைவரும் கேமராவை நோக்கி முன்வரிசைக்கு வந்துவிடுவார்கள், 35 கால்களின் சுமை ஏழு கால்களுக்கு இறங்கும். மண் தரை என்றால், மாலையில் தூசி அடங்கத் தண்ணீர் தெளித்திருப்பார்கள், கால் இறங்க அதுவே வசதி. இதற்கு மருந்து எளியது. மூன்று அங்குல விட்டமுள்ள சவுக்குக் காலின் அடிப்பரப்பு ஏழு சதுர அங்குலம்தான். அதன்கீழ் ஒன்பதுக்கு ஒன்பது அங்குலக் கனத்த பலகைத் துண்டைப் போட்டால் பரப்பு 81 ஆகும், மண்ணின்மேல் அழுத்தம் பதினொன்றில் ஒரு பங்காகக் குறையும். கரிசல் பூமியில் இதைச் செய்யாமல் மேடை போடுபவரை மேடையின் நடுவில் உட்காரவைக்க வேண்டும்.

இப்போது இரும்புக் கால்களும் அடியில் திருகு வைத்த ஜாக்கிகளும் வந்துவிட்டன. திருகினால் ஏறும், எதிராகத் திருகினால் இறங்கும். பாதுகாப்பில் இதற்கு ஈடில்லை, தலைவர்களின் மேடைக்கு இதையே போட வேண்டும். அண்டையியலுக்கு மட்டும் இதில் வேலை இல்லை. ஜாக்கியின் கீழும் ஓர் ஓட்டாஞ்சில்லைச் செருகுபவர்களை நம்பித்தான் இத்துறை உயிர்வாழ வேண்டும்.

விழா நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். மேடையைப் பிரித்ததும் அடியிலிருந்த செங்கற்கள் தெருவோரத்திலேயே கிடக்கின்றன, ஆட்டோக்காரர்கள் இரவில் இடித்துக்கொள்கிறார்கள். அவை பக்கத்தில் வீடு கட்டுபவருடையவை, பெரும்பாலும் கேட்காமல் எடுத்தவை. உடையாததை அவர் அடுக்கிலேயே திருப்பி வையுங்கள். உடைந்ததற்கு அடுத்த விழாவின் அழைப்பிதழைக் கொடுங்கள்.