இரண்டாவது சுற்றில் எல்லோருக்கும் ஜாக்பாட்

ஆன்லைன் கேசினோ விளம்பரத்தில் வரும் அதிர்ஷ்டச் சக்கரத்தை முதல் தடவை சுற்றினால் யாருக்கும் எதுவும் விழாது. 'அடடா, நூலிழையில் போச்சே! இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது' என்று அதுவே நம்மைத் தேற்றும். இரண்டாவது தடவை ஜாக்பாட். எனக்கு விழுந்தது. என் மனைவிக்கு விழுந்தது. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கும் விழுந்தது. மூன்று பேருக்கும் முள் நின்றது ஒரே கட்டத்தில். தொகையும் அச்சு அசலாக ஒன்றே.

"உங்களுக்குமா சார் விழுந்துச்சு?" என்று கேட்டபோது தலைமையாசிரியரின் குரல் இறங்கிவிட்டது. ஏமாற்று வேலை என்பதில் அவருக்கு வருத்தமில்லை. எனக்கும் விழுந்ததுதான் வருத்தம்.

கூட்டுறவுத் தணிக்கையில் காலம் தள்ளியவன் நான். பென்ஷன் வந்துவிட்டது, கை மட்டும் இன்னும் அடங்கவில்லை. மற்றவர்கள் 'ஸ்கிப்' பொத்தானைத் தேடும் நேரத்தில் நான் விளம்பரத்தைக் கடைசி வரை பார்த்து, அடியில் கிடக்கும் பொடி எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பேன். என் மனைவி இதை வியாதி என்கிறாள்.

முதலில் ஆட்கள். செய்தி வாசிப்பவர் மாதிரி ஒருவர், கீழே ஓடும் சிவப்புப் பட்டை, மதுரை ஆட்டோ ஓட்டுநர் ஒரே இரவில் லட்சாதிபதி. அதே மீசை, அதே சட்டையுடன் அடுத்த விளம்பரத்தில் அவர் நெல்லூரில் தையற்கடை வைத்திருக்கிறார். அடியில் 'எனக்கும் பணம் வந்துவிட்டது, நன்றி அண்ணா' என்று வரிசையாகக் கருத்துகள். விளம்பரம் போட்ட பக்கத்தின் பழைய பெயர்களைப் பார்க்க ஒரு வசதி இருக்கிறது, தட்டிப் பார்த்தேன். போன மாதம் வரை அது ஏதோ வெளிநாட்டுக் கேக் கடை. பஸ் ஸ்டாண்டில் மூணு சீட்டு விரிப்பவனுக்குப் பக்கத்தில் நின்று, முதல் ஆளாக நூறு ரூபாய் ஜெயித்துக் குதிப்பானே ஒருவன், அவன்தான் இப்போது கருத்துப் பெட்டிக்குள் குடியேறியிருக்கிறான்.

பெரிய மனிதர்களையும் விட்டுவைக்கவில்லை. 2024 ஜனவரியில் சச்சின் டெண்டுல்கரே முன்வந்து, ஒரு விளையாட்டுச் செயலிக்குத் தான் பேசுவதாகச் சுற்றும் வீடியோ போலி என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்த வீடியோவில் அவருடைய மகளே அந்த ஆட்டத்தில் சம்பாதிப்பதாகக் கதை. சச்சின் வீட்டுப் பெண் கைச்செலவுக்குச் செயலியை நம்பியிருக்கிறாள் என்பதை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்று வீடியோ செய்தவர்களுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். இந்த மாதிரி வீடியோக்களில் முகத்தின் கீழ்ப்பாதியைப் பாருங்கள். வாய் மட்டும் தனியாக வேலை செய்யும். கன்னத்துக்கும் கண்ணுக்கும் அந்தச் சேதியே தெரிந்திருக்காது.

அடுத்தது, 'சலுகை முடிய 14 நிமிடம் 59 வினாடி' என்று இறங்கும் கடிகாரம். ஒருநாள் போனை அப்படியே அடுப்படி மேடையில் வைத்துவிட்டு என் மனைவி பருப்பு வேகவைத்தாள். பருப்பு இறங்கியது, சாம்பார் கொதித்தது, தாளித்தும் ஆயிற்று. கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டு மறுபடி 14:59-லிருந்து கிளம்பியது. "இது நம்ம வீட்டுக் கெடிகாரத்தை விட மோசம்" என்றாள். விளம்பரத்தைத் தட்டினால் பிளே ஸ்டோர் மாதிரியே ஒரு பக்கம், 4.9 நட்சத்திரம். ஆனால் மேலே பிரவுசரின் முகவரிப் பட்டை தெரிகிறது. அசல் பிளே ஸ்டோர் செயலிக்குள் அந்தப் பட்டை ஏது?

என் தணிக்கை மனம் குளிர்வது போனஸ் கணக்கில்தான். 'முதல் டெபாசிட்டுக்கு 10,000 ரூபாய் இலவசம்.' நிபந்தனை: போனஸைப் போல 30 மடங்குக்குப் பந்தயம் கட்டிய பிறகே எடுக்கலாம். அதாவது 3 லட்சம். பொடி எழுத்தில் இன்னொன்று: ரூலெட் ஆடினால் பத்தில் ஒரு பங்குதான் கணக்கில் சேரும். ஆக 30 லட்சம். ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 கட்டங்கள். ஒரே எண்ணில் ஜெயித்தால் தருவது 35 மடங்கு. எந்த மோசடியும் இல்லாத சக்கரத்திலேயே சராசரியாக 37-ல் ஒரு பங்கு கடைக்காரனுக்கு. 30 லட்சத்துக்கு அது ஏறக்குறைய 81,000 ரூபாய். பத்தாயிரம் இலவசத்தை வாங்க 81,000 செலவு! கெடு ஏழு நாள். சுற்றுக்கு 500 ரூபாய், நிமிஷத்துக்கு ஒரு சுற்று என்று வைத்தால் நாளொன்றுக்குப் பதினாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். இவ்வளவு வேலை வாங்குகிறவனுக்கு பி.எஃப். பிடிக்கச் சொல்லி யாராவது எழுதலாம்.

அடியில் ஒரு முத்திரை: குராசோ உரிமம். கரீபியன் கடலில், வெனிசுவேலாவுக்கு வடக்கே, நெதர்லாந்து முடியாட்சிக்கு உட்பட்ட தீவு குராசோ. ஜனத்தொகை ஏறக்குறைய நம் கும்பகோணம். வெகுகாலம் அங்கே விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் மூல உரிமத்தை வைத்துக்கொண்டு, ஊர் உலகத்துக்கெல்லாம் உள்வாடகைக்கு விட்டார்கள். 2024 டிசம்பரில்தான் புதுச் சட்டம் வந்தது. அசல் முத்திரையைத் தொட்டால் உரிமம் யார் பெயரில் என்று சொல்லும் பக்கம் திறக்க வேண்டும். நான் தொட்டேன். வெறும் படம்.

படமில்லாமல் அசலாகவே இருந்தாலும் இங்கே அது செல்லாக் காசு. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடைசெய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடைசெய்கிறது. விளம்பரம் செய்தால் இரண்டு வருஷம் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். உரிமம் உள்ள கேசினோ எது, இல்லாதது எது என்று அலசும் சிரமத்தையே நமக்கு வைக்கவில்லை. தலைமையாசிரியரிடம் இதைச் சொன்னேன். "அப்ப இவ்வளவு நேரம் ஏன் சார் கணக்குப் போட்டீங்க?" என்றார். வாத்தியார் புத்தி.

ஜெயித்த பணத்தை எடுக்கப் போகிறவர்களுக்குத் தனி நாடகம். '30 சதவீத வரியை முதலில் கட்டுங்கள்' என்று வாட்ஸ்அப்பில் கியூஆர் கோடு வரும். என் தங்கை மகன், "மாமா, இன்கம் டாக்ஸ்னு போட்டிருக்கு, ஆனா ஸ்கேன் பண்ணா ஏதோ ரீசார்ஜ் கடை பேரு வருது" என்று கொண்டுவந்து காட்டினான். வரியைப் பரிசிலிருந்து பிடித்துக்கொண்டு மீதியைத் தருவதுதான் முறை. முன்பணமாக ரீசார்ஜ் கடையில் வசூலிப்பதில்லை. பணம் கட்டிவிட்ட அவன் சிநேகிதனை உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடச் சொன்னேன்.

இந்த ஆராய்ச்சியில் ஒரே சங்கடம், விளம்பரத்தை விடாமல் பார்க்கும் ஆளை என் போன் அடையாளம் கண்டுகொண்டது. மனைவிக்குச் சேலையும் குக்கரும் வருகின்றன. எனக்கு மணிக்கு மணி ரூலெட், ஏவியேட்டர், 'உங்கள் விஐபி ஐடி தயார்'. லீவுக்கு வந்த மகன் மின்வாரியப் பில் கட்ட என் போனை வாங்கினான். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். பிறகு என்னிடம் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், அம்மாவிடம் பென்ஷன் பாஸ்புக்கைக் கேட்டான்.