பேராண்டியின் காதல் பாட்டுக்கு ஒரு யோசனை

வாடா பேராண்டி, இப்படி உக்காரு. காதல் பாட்டுப் போட்டு ஊரையே திரும்பிப் பாக்க வைக்கப்போறியாமே? ராத்திரியெல்லாம் செல்லுல என்னமோ தட்டிக்கிட்டே கெடக்கன்னு ஒங்க அப்பத்தா சொன்னா. நல்ல காரியம். வெள்ளாமையா வெளங்கப்போகுது, பாட்டாவது வெளங்கட்டும்.

நானும் கேட்டேன் ஒம் பாட்டை. மூச்சுக்கு மூச்சு ‘பேபி’ங்கிற. அந்தப் புள்ளைக்குப் பேரே வைக்கலயா அவ அப்பன்?

1976ல ‘மச்சானப் பாத்தீங்களா’ன்னு ஒரு பாட்டு வந்துச்சு. அன்னக்கிளி படம். கலரு கூடக் கெடையாது, கருப்பு வெள்ளதான். அப்ப நம்மூரு எளவட்டமெல்லாம் ஆராதனா, பாபின்னு இந்திப் பாட்டுக்குத் தலைய ஆட்டிக்கிட்டுத் திரிஞ்சாய்ங்க. ஒரு எழுத்துப் புரியாது, ஆனா உருகுவாய்ங்க. இப்ப நீ இங்கிலீசுப் பாட்டுக்கு உருகுறியே, அதே சீக்கு.

அந்தப் பாட்டைப் போட்டவரு நம்ம பண்ணைப்புரத்துக்காரரு. அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடையில பாடுவாரு; தம்பி ராசய்யா சின்ன வயசுல கூடப்போயி பொம்பளக் கொரல்ல பாடுனவரு. கொரலு உடைஞ்சதும் ஆர்மோனியத்துக்கு மாறிட்டாரு. பெறகு மெட்ராசு போயி தன்ராஜ் மாஸ்டர்கிட்ட பாடம் படிச்சு, ஜி.கே.வெங்கடேஷுக்கு உதவியாளா இருந்து, வருசக்கணக்கா அடுத்தவுக பாட்டுக்குக் கிடாரு வாசிச்சாரு. ஒனக்கு அந்தக் கஷ்டமெல்லாம் ஆகாதுப்பா. விரல் நோகும்.

அன்னக்கிளிக்கு எழுதுன பஞ்சு அருணாசலத்துக்கிட்ட வாய்ப்புக் கேட்டுப் போனப்ப, பெட்டியும் இல்ல, மேளமும் இல்ல. மேசையில தாளத்தைத் தட்டியே பாடிக் காட்டுனாராம். கேட்ட மனுசன் அசந்துபோயிட்டாரு. ராசான்னு ஏற்கெனவே ஏ.எம்.ராஜா இருக்காரேன்னு, இவருக்கு முன்னால ஒரு ‘இளைய’ சேத்து விட்டதும் அந்தப் பஞ்சுதான். பாட்டெழுதுனதும் அவருதான், கண்ணதாசனுக்கு அண்ணன் மகன்னா எழுத வராமலா போகும்? மொத ரிக்கார்டிங் அன்னைக்குக் கரண்டு வேற போயிருச்சு. ‘நல்ல சகுனம்’னு பக்கத்துல ஒருத்தரு நக்கலடிச்சாராம். இதை ராசாவே பலவாட்டி சொல்லியிருக்காரு. நீயா இருந்தா அப்பவே ‘மூடு போச்சு’ன்னு கெளம்பி டீக்கடைக்கு வந்திருப்ப.

பாட்டு என்ன பெரிய பாட்டுங்கிற? ஒரு பொண்ணு தோப்புக்குள்ள போயி குயிலுகிட்ட மச்சானை விசாரிக்கிறா. மச்சான்கிட்ட நேரா ஒரு வார்த்த கெடையாது. ஒன்னைய மாதிரி ‘வா வா’ன்னு கையப் பிடிச்சு இழுக்கல. மெட்டு நம்ம காட்டுவேலைப் பொம்பளைக மெட்டு, பக்கத்துல பிடிலுக கூட்டமா இழையுது. பாடுனது எஸ்.ஜானகி, ஊரு ஆந்திராங்கிறாக, கேட்டா போடிக்காரி மாதிரில்ல இருக்கு!

அந்த வருசம் கலியாண வீட்டுல ரேடியோ செட்டுக்காரன் பாடு திண்டாட்டம். வேப்பமரத்து உச்சியில குழாயைக் கட்டிட்டு, சாமிப் பாட்டு ஒண்ணைப் போட்டு ஆரம்பிப்பான். அது முடியங்குள்ள சமையக்கட்டுல இருந்து ஆள் வந்துரும், ‘மச்சானைப் போடுறா’ன்னு. தட்டு ஓடி முடிஞ்சா ஊசியைத் தூக்கி மறுபடி ஓரத்துல வைப்பான். கோடு தேஞ்சு கரகரன்னு இரையும். அப்பவும் விட மாட்டாய்ங்க. பொண்ணு மாப்பிள்ளையை மறந்துட்டு மரத்தைப் பாத்துக்கிட்டு நின்ன கூட்டம் அது. இப்ப ஒனக்கு எத்தனை ‘லைக்’கு? பாதி ஒங்க சித்தப்பன் போட்டதுங்கிறாக.

ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். படத்துல அம்புட்டு உருகுறாளே சுஜாதா, அந்தச் சிவகுமாரு வாத்தியாரு அவளைக் கட்டிக்கல. வேற பொண்ணைக் கட்டிக்கிட்டாரு. பாட்டு ஜெயிச்சுச்சு, காதல் ஜெயிக்கல. அதனால பாட்டை முடிக்கிறதுக்கு முன்னால ஒன்னைய ஒண்ணு கேக்கணும். அந்தப் புள்ளைகிட்ட வாய தொறந்து பேசிட்டயா? இல்லயா? ஏன்னா வைகாசியில அவளுக்கு நிச்சயமாம். செட்டுக்கு முன்பணம் குடுத்தாச்சாம். செட்டுக்காரன் நமக்கு வேண்டிய பயதான். ஒம் பாட்டையும் ஒருவாட்டி போடச் சொல்லட்டுமா?