கூம்புக் குளவி விசாரம்

உலகில் ஆராய்ச்சிக்கு உரிய பெரிய விஷயங்களையெல்லாம் பெரியவர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கபாடபுரம் எங்கே மூழ்கியது என்பதைத் தக்கவர்கள் கவனித்துக்கொள்கிறார்கள். ஆனால் எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் வேப்பமரத்தில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கிக்குள் மண்ணைக் கொண்டுவந்து வைத்தது யார், அதை எடுப்பது எங்ஙனம் என்னும் கேள்வியை, கார்த்திகைக் கடைசியில் மார்கழி பஜனைக்காக அதை முடுக்கியபோது, பாட்டுக்குப் பதிலாக, ஜலதோஷம் பிடித்த ஒருவர் கம்பளிக்குள்ளிருந்து முனகுவது போன்ற நாதம் எழுந்த அந்த மாலை வரையில், எந்தச் சாஸ்திரமும் தீண்டியதில்லை. அக்குறையை நீக்கவே இவ்விசாரம் எழுந்தது.

பாயிரமில்லாத நூல் கூடாதாகையால் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விஷயம்: குளவிக்கூடு; பிரயோஜனம்: திருப்பாவை காதில் விழுதல்; அதிகாரி: ஏணியில் ஏறத் தெரிந்தவனும், ஏறியபின் அவசரப்படாதவனுமாகிய ஒருவன். இவ்விரண்டாவது லட்சணம் எங்கள் கோயில் கமிட்டியில் ஒருவருக்கும் இல்லை என்பது பின்னால் விளங்கும்.

முதலில் கருவியின் இயல்பு. மைக்செட்காரர்கள் ‘குழாய்’ என்றும், போலீஸ் உத்தரவுகள் ‘கூம்பு வடிவ ஒலிபெருக்கி’ என்றும் வழங்கும் இது, ஸ்தூலம் சூட்சுமம் என இரண்டு சரீரங்களை உடையது. கண்ணுக்குத் தெரியும் அலுமினியப் புனல் ஸ்தூல சரீரம். அதன் முதுகில் மரை வைத்துத் திருகியிருக்கும், தேங்காய்மூடியளவான ‘யூனிட்’ சூட்சும சரீரம். யூனிட்டுக்குள் காந்தமும், காந்தத்தின் மெல்லிய இடுக்கில் கம்பிச்சுருளும், சுருளோடு ஒட்டிய டயஃப்ரம் என்னும் சவ்வும் உண்டு. அச்சவ்வு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக முன்னும் பின்னும் அசைவதில்தான் ஊரை எழுப்பும் முழக்கம் அத்தனையும் பிறக்கிறது. பிறந்த நாதம் நேரே வெளிவருவதுமில்லை. நடுக்குழாய் வழியாக முன்னே வந்து, எதிரே கவிழ்ந்த கிண்ணத்தில் மோதிப் பின்னே திரும்பி, மறுபடியும் முன்னே திரும்பி, வைகுண்ட ஏகாதசியன்று மூங்கில் தடுப்புகளுக்கிடையே வளைந்து நகரும் பக்தனைப் போல, வாய்வழியே வெளிப்படுகிறது. இவ்வளைவுகளில் ஒரு பிடி மண் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு மேற்படி கம்பளி முனகலே பிரமாணம்.

அடுத்து, குடியேறியவளின் இயல்பு. அவள் என்றது வேண்டுமென்றே சொன்னது. மண்குளவி இனத்தில் கட்டுவதும் வேட்டையாடுவதும் பெண்ணே, ஆணுக்குக் கொடுக்கும் கிடையாது. நூலிடையும் நீண்ட கால்களும் கொண்ட இக்குளவிகளில் ஒன்றுக்கு, 1781-இல் ஃபப்ரீசியஸ் என்னும் டேனிஷ் அறிஞர் மதராஸப்பட்டினத்தின் பெயரையே சூட்டினார். ‘ஸ்கெலிஃப்ரான் மதராஸ்படானம்’ என்பது அதன் இன்றைய சாஸ்திரப் பெயர். 1996-இல் நகரத்தின் பெயரைச் சென்னை என்று மாற்றிய சர்க்கார் குளவியைக் கவனிக்கத் தவறிவிட்டபடியால், அது இன்றளவும் மதராஸ்வாசியாகவே இருந்துவருகிறது. துளையையும் குழாயையும் கண்டால் விடாத குணம் இதன் உறவினர் பலருக்கும் உண்டு. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் விமான நிலையத்தில், வேகத்தை அளக்கும் குழாய்களுக்குள் ஒரு குளவி மண்ணை அடைத்துவிடுகிறதென்று, தரையில் நிற்கும் விமானங்களின் அக்குழாய்களுக்கு உறை மாட்டுகிறார்கள்.

இவ்விடத்தில் ஒரு தத்துவச் சிக்கல் குறுக்கிடுகிறது. குளவி ஒரு புழுவைக் கூட்டில் அடைத்து ரீங்காரம் செய்ய, அதைக் கேட்டுக் கேட்டுப் புழுவும் குளவியாகிறது என்பது பிரமர கீட நியாயம். குருவின் உபதேசத்தால் சீடன் குருவேயாவதற்கு இதைத் திருஷ்டாந்தம் காட்டுவர். இந்நியாயம் மெய்யானால், சீர்காழியின் குரலை ஆண்டுக்கணக்காக ஊருக்கு அளித்த புனலில் பிறக்கும் குளவி, பாகவதராகவன்றோ வெளிவர வேண்டும்! கமிட்டித் தலைவர் ஒரு கூட்டைக் காதருகே வைத்துக் கேட்டார். சுருதி ஒன்றும் கேட்கவில்லை என்றார். பிரத்யட்சம் வேறு விதமாயிருக்கிறது. தாய்க்குளவி சிலந்திகளைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து, அறை ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டாக அடுக்கி, முட்டையிட்டு, வாயை மண்ணால் பூசிவிடுகிறாள்; பொரிந்த புழு அவற்றைத் தின்று வளர்ந்து சுவரைக் குடைந்து வெளியேறுகிறது. சீடனே பிரசாதம் என்பது தெரிந்தால் பல மடங்கள் காலியாகும்.

ஆயினும் முன்னோர் ரீங்காரத்தைப் பொய்யாகக் கேட்டார்களில்லை. மறுநாள் மடைப்பள்ளி ஜன்னலில் இன்னொருத்தி வேலை செய்வதை அருகிருந்து பார்த்தேன். குழாயடிச் சேற்றிலிருந்து மிளகளவு உருண்டையொன்றைத் தாடையில் கவ்விவந்து, அறையின் விளிம்பில் வைத்ததும், அதுவரை சும்மாயிருந்தவள் கூரிய சுருதியில் இரையத் தொடங்கினாள்; அவ்வதிர்வில் மண் இளகி, பளபளத்த ஈரக்கோடாக வழிந்து படிந்தது; படிந்த கணத்தில் இரைச்சலும் நின்றது. அதாவது, அவளும் ஓர் ஒலிபெருக்கியே. நாம் நாதத்தைக் காற்றில் கரைக்கிறோம், அவள் அதைக் கொண்டு சுவர் எழுப்புகிறாள்.

இனி, கூட்டை எடுப்பது பற்றிய பூர்வபட்சங்கள் மூன்று. முதல்வர் கம்பிவாதி. சைக்கிள் ஸ்போக் ஒன்றை உள்ளே விட்டுக் குடைந்தால் தீர்ந்தது என்பது அவர் மதம். ஸ்போக் இரும்பு, உள்ளேயிருப்பது காந்தம் என்பதையும், அது இழுக்கும் வேகத்தில் சவ்வு கிழியும் என்பதையும் அவர் யோசித்திலர். இரண்டாமவர் ஜலவாதி, அவருடைய ஒரு குடம் தண்ணீர், மண்ணைக் கரைத்துச் சுருளின் இடுக்கிலேயே கொண்டு சேர்க்கும். நம் மண்ணிலுள்ள இரும்புத் துகள் காந்தத்தைப் பற்றிக்கொண்டால், பிறகு பிள்ளையார் சுப்ரபாதமும் அப்பளம் பொரிக்கும் ஓசையும் ஒன்றாகிவிடும். மூன்றாமவர் மருந்துவாதி; கொசு மருந்தைப் பீச்ச வேண்டும் என்றார். சவ்வின் பசையை அம்மருந்து இளக்கிவிடலாம் என்பது ஒருபுறமிருக்க, மூடிய அறைக்குள் இருப்பதை அது எட்டாது. திறந்த அறையிலோ ஒருவரும் இல்லை.

சித்தாந்தம் ஏணிக்கடியில் பீடி பிடித்துக்கொண்டிருந்த மைக்செட்காரரிடமிருந்து வந்தது. “மொதல்ல யூனிட்டக் கழட்டுங்கய்யா. உசுரு அதுலதான் இருக்கு, மிச்சமெல்லாம் வெறும் தகரம்” என்றார். ஸ்தூல சூட்சும பேதத்தை இதைவிடச் சுருங்கச் சொன்னவரில்லை. அவர் காட்டிய கிரமமாவது: ஆம்ப்ளிஃபயரை அணைத்து ஒயரைக் கழற்றுக, வாய் கீழே பார்க்கப் புனலைக் கவிழ்த்துப் பிடித்தே யூனிட்டைத் திருகி எடுத்து, அதன் வாயைச் சுத்தமான துணியால் கட்டுக, தனித்த புனலுக்குள் ஈரத்துணியை அரைமணி நேரம் அடைத்து வைத்து, ஊறிய மண்ணை மூங்கில் சிம்பால் நெம்புக, கழுவி, வெயிலில் முற்றும் உலர்த்திய பின்னரே யூனிட்டைப் பூட்டுக. யூனிட்டின் வாயில் தூசியிருந்தால், கவிழ்த்துப் பிடித்து மெல்லிய தூரிகையால் தடவலாமேயன்றி, ஊதலாகாது. இவையனைத்தும் ஏகாந்தவாசியான மண்குளவிக்கே பொருந்தும். அவள் கூட்டுக்காகச் சண்டைக்கு வருவது அரிது. காகிதம் போன்ற கூடும் கூட்டமும் தென்பட்டாலும், கதண்டு என்று சந்தேகம் எழுந்தாலும், சாஸ்திரத்தை மூடிவைத்துவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லியனுப்புவதே விவேகம்.

எங்கள் புனலில் ஏழு அறைகள் இருந்தன. ஆறில் உருண்டைத் துளை, குடியிருந்தவர்கள் போய்விட்டார்கள். ஏழாவது மட்டும் மூடியிருந்தது. அதை உடையாமல் பெயர்த்து, கோபுரப் பொந்தொன்றில் வைத்தார் மைக்செட்காரர். இத்தனை அறைகள் எழும்வரை நாம் கவனிக்காதது எப்படி என்று கேட்டேன். சட்டம் விதித்த மௌனம்தான் காரணமோ என்றும் யோசித்தேன். இரவு 10 மணி முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி வாய் திறக்கலாகாது என்று 2000-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ஆனால் குளவி பகலில்தான் கட்டுவாள். ஆகவே சட்டம் விதித்த மௌனத்தில் அவள் வரவில்லை; ஆடிக்கூழ் முடிந்தபின் ஒருவரும் கூம்பை ஏறெடுத்துப் பார்க்காத, நாங்களே விதித்துக்கொண்ட மௌனத்தில் வந்தாள். “வாரம் ஒருக்கா ஒரு பாட்டுப் போட்டிருந்தா உள்ள வந்திருக்காதுங்க, இல்லாட்டி ஒரு கொசுவலைத் துண்டையாவது வாய்ல கட்டியிருக்கணும்” என்றார் அவர்.

பலசுருதி: இவ்விசாரத்தை ஒருமுறை படிப்பவரின் யூனிட் எரியாது, இருமுறை படிப்பவர் ஏணியிலிருந்து விழார், மும்முறை படிப்பவர் தை பிறந்ததும் கூம்பின் வாய்க்கு வலைகட்ட மறவார். இப்பலன் எழுதியவனுக்குச் செல்லாது போலும். தை போய் மாசி வந்துவிட்டது. வலைத்துண்டு இன்னும் என் சட்டைப்பையில் இருக்கிறது. நேற்று மாலை கூம்பின் விளிம்பில் நூலிடையாள் ஒருத்தி அமர்ந்து, வாடகைக்கு வீடு பார்ப்பவளைப் போல, நிதானமாக உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.