முக்காலி அண்ணாச்சி

குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டது என்று சேதி வந்தால் நெல்லைச் சீமையே எண்ணெய் தேய்த்துக்கொண்டு கிளம்பும். முக்காலி அண்ணாச்சி மட்டும் அண்ணாந்து மேகத்தைப் பார்ப்பார். வெயில் இல்லை என்றால் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்!

இவரை நீங்கள் பேரருவிக்கு எதிரே பார்த்திருப்பீர்கள். அத்தனை பேரும் ஈரத்தில் வெடவெடத்து நிற்க, இவர் மட்டும் சட்டை கசங்காமல், மூன்று காலையும் விரித்து நிறுத்திவிட்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் ‘மெல்ல நடங்க, மெல்ல நடங்க, ஆடுது’ என்று கெஞ்சிக்கொண்டிருப்பார். மனைவியின் ஷவர் கேப் கேமராவின் தலையில் இருக்கும். குடையோடு பக்கத்தில் நிற்பவர் மச்சான். குடை அண்ணாச்சிக்கு அல்ல, லென்ஸுக்கு.

அருவி என்று ஒன்று விழுந்தால் அவருக்குப் போதாது. அது பட்டுத்துணியாகத் தொங்க வேண்டும். அதற்கு ஷட்டர் அரை நொடியாவது திறந்திருக்க வேண்டும். பட்டப்பகலில் அப்படித் திறந்தால் படம் வெளுத்துப்போகும். ஆகவே லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடி, அதாவது என்டி ஃபில்டர். அண்ணாச்சி வைத்திருப்பது பத்து ஸ்டாப். ஒரு ஸ்டாப்புக்கு வெளிச்சம் பாதியாகும். பத்துத் தடவை பாதியானால் 1,024-ல் ஒரு பங்குதான் உள்ளே போகும். 1/60 நொடியில் முடிகிற வேலைக்கு 17 நொடி காத்திருக்க வேண்டும்.

மேகம் மூடிய காலையில் இது தேவையே இல்லை. ஐஎஸ்ஓவை 100-ல் வைத்து, எஃப்/16-க்குச் சுருக்கி, ஈரப்பாறையின் பளபளப்பை அடக்க ஒரு போலரைசர் மாட்டினாலே அரை நொடி கிட்டத்தட்ட வந்துவிடும். தண்ணீரின் இழையும் தெரியும். ரொம்ப நேரம் திறந்தால் பட்டு போய்ப் புகைதான் மிஞ்சும். இதெல்லாம் அண்ணாச்சிக்கும் அத்துப்படி. ஆனால், காசு கொடுத்து வாங்கிய கண்ணாடியைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டா ஊர் திரும்புவது?

கண்ணாடியை மாட்டிவிட்டால் ஒரே இருட்டு. அதனால் முதலில் ஃபோகஸ், பிறகுதான் ஃபில்டர். ஃபில்டரைத் திருகும்போது ஃபோகஸ் மயிரிழை நகர்ந்துவிடும். மறுபடி கழற்ற வேண்டும். ஈரத்தில் அது கழலாது. மச்சான் கைக்குட்டையைச் சுற்றித் திருகுவார். குடை சாயும். அந்த நேரம் பார்த்துக் காற்று திசை மாறி சாரலை முழுசாக இந்தப் பக்கம் வீசும். துடைக்கிற துணி மூன்றும் நனைந்தபின் அண்ணாச்சியின் பார்வை மச்சானின் பனியன்மேல் விழும். பெண்ணைக் கொடுத்த வீடு, பனியனையும் கொடுக்கும்.

அவருடைய பெரிய பகையாளி கூட்டம்தான். நடுராத்திரியிலும் விளக்கு வெளிச்சத்தில் நின்று குளிக்கிற ஊரில் ஆளே இல்லாத அருவி வேண்டும் என்றால் எங்கே போவது? அதற்கும் அவரிடம் சரித்திர ஆதாரம் இருக்கிறது. 1838-ல் பாரிஸில் டாகேர் என்பவர் ஒரு பெருந்தெருவைப் படம் எடுத்தார். பல நிமிடம் திறந்து வைத்ததில் குதிரையும் வண்டியும் சனமும் தட்டில் பதியாமலே போயின. பூட்ஸுக்குப் பாலிஷ் போடக் காலைக் கொடுத்து அசையாமல் நின்ற ஒருவர் பதிந்துவிட்டார். குற்றாலத்திலும் அப்படியே. முப்பது நொடியில் குளிக்கிறவர்கள் ஆவியாகக் கரைந்துபோக, எண்ணெய் மசாஜுக்குக் குப்புறப் படுத்த பெரியவர் ஒருவர் மட்டும் அட்சர சுத்தமாக விழுந்திருப்பார். தேய்க்கிற ஆளும் கரைந்திருப்பார். மினுமினுவென்று ஒரு முதுகு, பின்னால் பேரருவி.

குளிக்கிற இடத்தில் கேமராவா என்று பெண் காவலர் வந்து நிற்பார். நியாயமான சந்தேகம்தான்.

“யாரை சார் படம் எடுக்கிறீங்க?”

“யாரையும் எடுக்கல மேடம். எல்லாரையும் அழிச்சிட்டிருக்கேன்.”

அதற்கப்புறம் மச்சான்தான் குடையை மடக்கிவிட்டு விளக்கம் சொல்லியாக வேண்டும். பையன்கள் நாலு பேர் வந்து “அண்ணாச்சி, எங்களையும் ஒண்ணு எடுங்க” என்றாலும் அவர் செட்டிங்கை மாற்ற மாட்டார். எட்டு நொடி. “என்ன அண்ணாச்சி, எந்தலையக் காணோம்?” என்று கேட்டால், “நீ ஆடிட்ட தம்பி” என்பார்.

வெள்ளம் பெருகிக் குளிக்கத் தடை போட்டால் ஊரே வாடிப்போகும், கடைக்காரர்கள் தலையில் கை வைப்பார்கள். அண்ணாச்சி சந்தோஷமாகச் சட்டையை மாட்டுவார். பேரருவியின் நடுவிலுள்ள பொங்குமாகடல் பள்ளம் நிரம்பி வழிந்து ஒரே சுவராகக் கொட்டும். ஓர் ஆள் கிடையாது. ஆனால் வருவது செம்மண் வெள்ளமல்லவா? படத்தில் இஞ்சி டீ ஆற்றுகிற மாதிரி இருக்கும். அதைக் கறுப்பு வெள்ளையாக்கி, ‘மூட்’ என்று பெயர் சூட்டி, குடும்ப வாட்ஸ்அப்பில் போடுவார். சித்தப்பா ஒருவர் ‘காலை வணக்கம்’ என்று பதில் போடுவார்.

இதையும் தாங்கிக்கொள்ளலாம். மச்சான் மகன் ஐபோனில் லைவ் போட்டோ ஒன்று எடுத்து, லாங் எக்ஸ்போஷரைத் தொட்டுவிட்டு, “இதுவா மாமா?” என்று நீட்டுவான் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியாது. முக்காலி இல்லை, கறுப்புக் கண்ணாடி இல்லை, குடை இல்லை. 2017-லிருந்தே அந்த போனில் இருக்கிற வசதி.

“அது போன் எடுத்ததுடா.”

“அப்ப உங்கது?”

“அது நான் எடுத்தது.”

மச்சான் அப்போது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். தோள் மட்டும் குலுங்கும்.

அடுத்த மழைக்கு அண்ணாச்சி கர்நாடகத்து ஜோக் அருவிக்குத் திட்டம் போட்டிருக்கிறார். ஷராவதி 253 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற இடம். எதிர்ப்பக்கம் நின்று பார்க்க வேண்டியதுதான். அருவிக்கடியில் போய்த் தலையைக் காட்ட முடியாது. “ஒரு பய குளிக்க முடியாது!” என்று மனைவியிடம் பூரித்துப்போய்ச் சொன்னார்.

“அப்படியா? நீங்க போயிட்டு வாங்க. நாங்க ஐந்தருவிக்குப் போறோம். தம்பியும் எங்களோடதான் வர்றான்.”

“அப்ப குடையை யாரு பிடிக்கிறது?” என்றார் அண்ணாச்சி.