சட்டாம்பிள்ளை ராஜ்ஜியம்

2020 மார்ச்சில் கொரோனாவுக்குப் பயந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்களே, அன்றைக்குச் சங்கரன்கோவிலில் உள்ளுக்குள் சந்தோஷப்பட்ட ஒரே பெரிய மனுஷன் நான்தான். மூன்று பிள்ளைகளுக்கும் காலையில் ஜோடி சாக்ஸ் தேடுகிற வேலை மிச்சம் பாருங்கள். ஜூன் வந்தது, பள்ளிக்கூடம் வரவில்லை. மூத்தவள் எட்டாவது, நடுவுலவன் ஐந்தாவது, கடைக்குட்டி மூன்றாவது. வீட்டில் ஒரு டிவி, ஒரு போன். அந்தப் போன் என்னுடையது என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

கல்வித் தொலைக்காட்சியில் வகுப்பு வாரியாக நேரம் ஒதுக்கிப் பாடம் நடத்தினார்கள். எட்டாவதுக்குப் பாடம் ஓடும்போது மற்ற இரண்டும் ரிமோட்டுக்கு மல்லுக்கட்டும். சரி, நாமே சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று இறங்கினேன். பி.காம். படித்தவன், விசைத்தறிக்காரர்களுக்கு நூல் விற்கிற கடையில் கணக்கு எழுதுகிறவன். மூன்றாம் வகுப்பையா சமாளிக்க முடியாது?

பெங்களூரில் இருக்கிற மச்சினன் போனிலேயே உசுப்பேற்றினான். "அத்தான், தேசியத் திறந்தநிலைப் பள்ளின்னு மத்திய அரசு ஒண்ணு நடத்துது. ஏ, பி, சி-ன்னு மூணு நிலை. மூணாவது, அஞ்சாவது, எட்டாவதுக்குச் சமம்." என் ரேஷன் கார்டைப் பார்த்துத்தான் திட்டம் போட்டிருப்பார்கள் போல! இனி ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. பாடத்திட்டத்தைப் பெட்டியோடு விலைக்கு வாங்குவதா, நானே போட்டுக்கொள்வதா?

பெட்டிக்காரர் மாஸ்க்கோடு வந்தார். பிள்ளைக்கு ஒரு பெட்டி. விலையைக் கேட்டதும் எனக்கும் மாஸ்க் தேவைப்பட்டது. "ரெண்டாவது பிள்ளைக்குத் தள்ளுபடி உண்டு சார். மூணாவதுக்குப் பாதிதான். நாலாவது இருந்தா ஃப்ரீ" என்றார். அடுப்படியிலிருந்து வீட்டுக்காரி எட்டி என்னைப் பார்த்தாள். அவரை வேகமாக அனுப்பிவைத்தேன். ஆனாலும் ஒரே ஒரு பெட்டி வாங்கினேன். மூத்தவளின் பாவாடை அளவு குறைந்து கடைக்குட்டிக்கு வருவதில்லையா, அந்த மாதிரி பாடமும் இறங்கி வரும் என்பது என் கணக்கு.

பெட்டிக்குள் நாள்வாரியாக எல்லாம் அச்சடித்திருந்தது. இன்று உதிர்ந்த சிவப்பு இலைகளைச் சேகரி, நாளை பனிப்பொம்மை செய் என்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆடிக்காற்று வந்து காற்றாலைகளைச் சுற்றுகிற ஊர் இது. உதிர்ந்த இலையைச் சேகரிக்க வேண்டுமென்றால் கோவில்பட்டிக்குத்தான் பஸ் ஏற வேண்டும், பஸ்ஸும் ஓடவில்லை. 'மண் வகைகளை ஆராய்க' என்றொரு பக்கம் வந்தது. இது நம்மால் முடியும் என்று நடுவுலவன் சாமி மாடத்திலிருந்து சங்கரநாராயணர் கோயில் புற்றுமண் டப்பாவைத் தூக்கி வந்தான். ஆச்சி பார்த்துவிட்டாள். "கோமதித் தாயே" என்று எடுத்து எல்லோர் நெற்றியிலும் பூசி, மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டாள். ஆராய்ச்சிப் பொருள் தீர்ந்தது. பெட்டியில் இப்போது வெங்காயம் இருக்கிறது.

அடுத்து என் சொந்தத் திட்டம். அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 2018-லிருந்து வந்த புதிய புத்தகங்களில் கியூஆர் கோடு வேறு. போனைக் காட்டினால் வாத்தியாரே வந்து விளக்குவார். மூன்று கலர் பேனாவில் கால அட்டவணை போட்டேன், அழகாக இருந்தது. ஒரே பாடம், மூன்று வகுப்பு, அதுதான் என் கண்டுபிடிப்பு. நம்மூர் பூ மார்க்கெட்டில் பிச்சிப்பூ விலை இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்குட்டி எண்ண வேண்டும், நடுவுலவன் பெருக்க வேண்டும், மூத்தவள் எத்தனை சதவீதம் இறங்கியது என்று சொல்ல வேண்டும். மூத்தவள் கேட்டாள்: "அப்பா, ஊரடங்குல கல்யாணமே இல்ல. யாரு பூ வாங்குவா?" எனக்குப் பொருளாதாரத்தில் எப்போதும் அரியர்தான்.

மறுநாள் அவள் இயற்கணிதத்தில் காரணிப்படுத்தச் சொன்னாள். அமைதியாகக் கியூஆர் கோடை நாடினேன். போன் நடுவுலவனிடம் இருந்தது, அதில் யாரோ யாரையோ சுட்டுக்கொண்டிருந்தார்கள். "நீயே யோசி, அப்பதான் மூளை வளரும்" என்றேன். அவள் யோசித்துப் போட்டுவிட்டாள். எனக்கு ஒன்றும் வளரவில்லை.

திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சிதான் தீர்ப்புச் சொன்னாள். "எங்க அய்யா படிச்ச திண்ணைப் பள்ளிக்கூடத்துல சட்டாம்பிள்ளைதாம்ல சொல்லிக்கொடுப்பான். வாத்தியாரு சும்மா ஒக்காந்திருப்பாரு." சும்மா உட்கார்ந்திருப்பது என்றதும் எனக்கு ஆர்வம் பிறந்தது. இதற்குச் சரித்திரமே இருக்கிறது, தெரியுமா? எழும்பூரில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்துவிட்டுத் தன் பள்ளியிலும் மணலைப் பரப்பினார், பெரிய பிள்ளைகளைச் சின்னதுகளுக்கு வாத்தியாராக்கினார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகவும் போட்டார். சீமையில் அதற்கு மெட்ராஸ் முறை என்றே பெயர். பெல் துரை செய்தால் கல்விப் புரட்சி, நான் செய்தால் மட்டும் "வேலையைப் பிள்ளை தலையில கட்டிட்டீங்களாக்கும்" என்கிறாள் வீட்டுக்காரி.

மூத்தவள் பதவியேற்றாள். என் மூன்று கலர் அட்டவணையைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் அவள் ஒன்று எழுதினாள். வருகைப் பதிவேடு வந்தது, மரஸ்கேல் வந்தது. கடைக்குட்டி வாய்ப்பாட்டை மளமளவென்று ஒப்பித்தாள். தூங்கினதற்காக என்னை நடைப்பக்கம் நிற்க வைத்தார்கள்.

2021 செப்டம்பரில் ஒன்பதாவது முதல் பள்ளிக்கூடம் திறந்தது. மூத்தவள் யூனிபார்மை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். சின்ன வகுப்புகளுக்கு நவம்பர் ஆகும் என்றார்கள். வந்துவிட்டது நம் நேரம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு பாயில் உட்கார்ந்தேன். பதிவேட்டையும் மரஸ்கேலையும் நடுவுலவனிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தாள். போகட்டும், கடைக்குட்டிக்காவது நான் சீனியர்தானே என்று பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். அவள் துணைச் சட்டாம்பிள்ளையாம்.